ஸ்பிட்ஃபயர் உருமறைப்பு: புளூ டாக்கா, காகிதமா, வினைலா?

மாடல் விமானத்துக்கு அடிக்கும் உருமறைப்பு வண்ணத்தில் நிறம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் கண் பொறுத்துக்கொள்ளும். இரண்டு நிறம் சேரும் ஓரம் தப்பினால் பொறுக்காது. நிஜ விமானத்தில் அந்த ஓரம் 25 மி.மீ. மங்கியிருந்தால் 1/48 மாடலில் அது அரை மி.மீ.தான், 1/72ல் 0.35. இதை மும்பை வெக்கையிலும் ஈரத்திலும் எதை வைத்துப் பிடிப்பது?

இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயரில், 1941 ஆகஸ்டுக்குப் பிந்தையதை எடுத்துக்கொள்வோம். மேலே ஓஷன் கிரே, டார்க் கிரீன்; அடியில் மீடியம் சீ கிரே. டேமியா நிறுவனப் பெயின்டில் முறையே எக்ஸ்எஃப்-82, 81, 83. மேலே ஓஷன் கிரேயை முதலில் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே பச்சை.

பச்சை படக்கூடாத இடத்தை மறைக்கப் பலரும் கையில் எடுப்பது புளூ டாக், அதாவது களிமண்போல் பிசையக்கூடிய ஒட்டுப்பசை. 3 மி.மீ. கனத்தில் திரியாக உருட்டி ஓரத்தில் ஒட்டி, உள்பக்கத்தை மாஸ்கிங் டேப்பால் நிரப்ப வேண்டும். ஏர்பிரஷை (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் கருவி) நேர் செங்குத்தாகப் பிடித்தால் ஓரம் மிக அழகாக வரும். சாய்ந்தால் பெயின்ட் திரிக்கு அடியில் புகுந்து ஒரு பக்கம் மட்டும் அகலமாக மங்கும். மே மாதச் சூட்டில் திரி இளகித் தட்டையாகிவிடும், ஓரமும் கத்தியால் கீறியதுபோல் ஆகிவிடும். ஃபிரிட்ஜில் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் உருட்டச் சுலபம். மாடலின் மேலேயே இரவு முழுக்க விட்டால் எண்ணெய்க் கறை படியும். அடித்த ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

என் தேர்வு காகிதம். 1/72 உருமறைப்பு வரைபடம் கிடைத்தால் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஜெராக்ஸ் கடையில் 150 சதவீதம் பெரிதாக்கினால் 1/48 ஆகிவிடும். இறக்கையின் முழு வீச்சே 234 மி.மீ.தான், ஏ4 தாளில் அடங்கும். வெட்டிய துண்டுகளுக்கு அடியில் ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி, 1 மி.மீ. உயரத்துக்குப் புளூ டாக் உருண்டைகள் வையுங்கள். சூட்டில் உருண்டை சற்று இளகினாலும் ஓரத்தைத் தொடாது. 1940 விமானங்களுக்கு இன்னொரு லாபம்: அப்போதைய ஏ, பி வடிவங்கள் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். இறக்கைத் துண்டுகளைக் கவிழ்த்து வைத்தாலே மற்றது தயார். இறக்கை உடலோடு சேரும் வளைவில் மட்டும் காகிதம் படியாது, அங்கே திரிதான்.

வினைல் மாஸ்க் (ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் வெட்டிய மறைப்பு) ஸ்பிட்ஃபயருக்கு வேண்டாம், ஓரம் மங்காமல் கூர்மையாக வரும். நேர்கோட்டுக் கூர்முனைகள் கொண்ட ஜெர்மன் 70/71 எண் பச்சைகளுக்கு, அதாவது யூ 87 குண்டுவீச்சு விமானம் போன்றவற்றுக்கு, அதைவிடச் சிறந்தது இல்லை. கனமாக அடித்தால் ஓரத்தில் வரப்பு எழும். 2000 நம்பர் உப்புத்தாளால் ஈரமாகத் தேய்க்க வேண்டும்.

ஜெர்மன் சண்டை விமானமான பிஎஃப் 109இன் பக்கவாட்டுப் புள்ளிகளுக்கு மாஸ்கே இல்லாத வெறுங்கை வேலைதான் சரி: 0.2 நாசில், பெயின்ட் ஒன்றுக்குத் தின்னர் இரண்டு, 10 பிஎஸ்ஐ, 2 செ.மீ. தூரம். அழுத்தம் கூடினால் பெயின்ட் நாலாபக்கமும் கால் பரப்பி ஓடும்.

எந்த வழியானாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை லாக்கர் பெயின்டில் கவனம் தேவை. தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளை பூக்கும். ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்த தின்னரை மெல்லிதாக மேலே அடித்தால் பெரும்பாலும் மறையும். கம்ப்ரசரில் ஈரம் பிடிக்கும் ஃபில்டர் இருந்தாலும் போதாது; சூடான காற்று குழாயில் ஆறும்போதுதான் மிச்ச நீர் திரளும். ஆகவே ஏர்பிரஷ் கைப்பிடிக்கு அடியிலும் சிறியதாக ஒன்று மாட்டுங்கள்.