ஹாக்கி நாக்-அவுட்டுக்கு 90 சதவீத கார்பன் மட்டையா?

மதுரை ரேஸ் கோர்ஸ் ஹாக்கி டர்ஃபில் நாக்-அவுட் ஆட்டத்தில் பையன் பந்தை விட்டால், "பயந்து ஒதுங்குறான்டா" என்று கேலரி கத்தும். பல நேரம் குற்றவாளி மட்டைதான். 90 சதவீத கார்பன், 24 மி.மீ. வளைவுள்ள லோ-போ ரகம் (வளைவு கீழே, தலைப்பகுதிப் பக்கம் இருப்பது) விறைப்பானது. வேகமான பாஸை உள்வாங்காமல் தெறிக்கவிடும். கீழ்க்கையை இறுக்கினால் இன்னும் மோசம், தளர்வாகப் பிடிக்க வேண்டும். பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டும் டிராக் ஃப்ளிக்குக்கு அருமை, மறுக்க முடியாது. ஆனால் நேராக ஹிட் அடித்தால் நாம் நினைக்காமலே பந்து எழும்பும். ஆள்மேல் போனால் அம்பயர் விசில்தான். தடுத்தாடும் பையனுக்கு 50 சதவீத கார்பன், மிட்-போ (வளைவு நடுவில்), 36.5 அங்குலம், 530 கிராம் வாக்கில் போதும். விலையும் குறைவு. செம்மண் தரையில் தலைப்பகுதி ஓரம் தேய்ந்து நார் கிளம்பும். பயிற்சிக்குப் பழைய மட்டையே எடுங்கள்.