ஏழரை எச்பி நீர்மூழ்கி மோட்டார்: காயில் கட்டி மீண்டும் இறக்கிய பிறகு

உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவர், என் போர்வெல்லில் ஓடும் ஏழரை எச்பி நீர்மூழ்கி மோட்டாரையே தானும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். சென்ற மாதம்தான் அதன் எரிந்த காயிலை (உள்ளே இருக்கும் கம்பிச் சுற்றை) புதிதாகக் கட்டி மீண்டும் இறக்கினோம் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மோட்டாரைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். கோடையில் வோல்டேஜ் தாழ்ந்தபோதும் அது இழுக்காமல் நின்றதில்லை. பம்பைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரங்களான இம்பெல்லர்களில் தேய்மானம் மிகக் குறைவு என்றார். காயில் எரிந்ததைக்கூட அதன் குறையாக நான் எழுத மாட்டேன். உடலை உரசிச் செல்லும் தண்ணீர்தான் நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விக்கிறது; அது நின்றுபோனால் எந்த மோட்டாரும் எரியத்தான் செய்யும். ஆனால் அந்த நிலையில் தானாக நிறுத்தும் டிரை ரன் ரிலே இல்லாத ஸ்டார்ட்டர் பெட்டியை, அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விற்றதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

என்னைத் தொடர்ந்து வருத்துவது பம்புக்குள் புகும் காற்று. ஓட்டத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆவதற்குள், 15 ஆம்பியரில் நின்ற மீட்டர் முள் நடுங்கியபடி 10-க்கு இறங்கும். டெலிவரி குழாயின் வாயில் தண்ணீர் பால்போல வெளுத்து, விட்டுவிட்டுத் துப்பும். விற்றவரிடம் முறையிட்டால், இன்னும் நான்கு குழாய் சேர்த்து ஆழத்தில் இறக்குங்கள், அல்லது பத்து எச்பிக்கு மாறுங்கள் என்பதே பதில். இந்த ஆலோசனைதான் நம் பகுதியின் நிலத்தடி நீரைக் கெடுத்து வருகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கணக்கைப் பாருங்கள். ஆறரை அங்குல போரில் ஒரு மீட்டர் உயரத்துக்கு 21 லிட்டர் அளவுக்கே தண்ணீர் நிற்கும். நூறு அடிக்குச் சுமார் 650 லிட்டர். விநாடிக்கு 3 லிட்டர் எடுக்கும் மோட்டார் அதை நான்கு நிமிடத்துக்குள் இறைத்துவிடும். அதற்குமேல் வருவதெல்லாம் பாறை வெடிப்புகளின் வழியே ஊறிவரும் நீர்தான். இறைக்கும்போது போரைச் சுற்றி நீர்மட்டம் கூம்பு வடிவில் தாழ்கிறது. அந்தச் சரிவே சுற்றுப்புறத்து நீரை உள்ளே இழுக்கிறது. ஆனால் மட்டம் முக்கிய வெடிப்புக்கும் கீழே போய்விட்டால், அதற்குமேல் எவ்வளவு தாழ்த்தினாலும் அந்த வெடிப்பு கூடுதலாகத் தராது; வருகிற நீர் மேலிருந்து கொட்டி, காற்றைக் கலந்துகொண்டு பம்புக்குள் போகும். நான் காண்கிற வெண்மை அதுதான். மோட்டாரை இன்னும் ஆழத்தில் இறக்கினால், அதே ஊற்றை அதிக உயரம் தூக்குவதுதான் நடக்கும்.

இதற்கு நான் கண்ட தீர்வு மிக எளியது, உண்மையிலேயே மகிழ்ச்சி தந்தது. டெலிவரியில் ஒரு கேட் வால்வு பொருத்தி, முள் நடுங்காத அளவுக்கு மூடி ஓட்டுகிறேன். விநாடிக்கு வரும் தண்ணீர் குறைந்தது. ஆனால் மோட்டார் நிற்காமல் ஓடுவதால், மும்முனை மின்சாரம் இருக்கும் நேரம் முடியும்போது தொட்டியில் நிற்பது முன்பைவிடக் குறைவதில்லை. வேகமாக இறைக்கும்போது போருக்குள் நுழையும் நீர் கொந்தளித்து வீணாகும் அழுத்தம், ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் (ஓட்டம் இரண்டு மடங்கானால் அது நான்கு மடங்காகும்) என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வால்வால் தீராதது ஒன்று உண்டு. வடக்குத் தோட்டத்துப் போர் ஓடும் நேரத்தில், என் மோட்டாரை நிறுத்தியிருந்தாலும் என் மட்டம் இறங்குகிறது. இரண்டு கூம்புகள் ஒன்றையொன்று தொட்டால், இரண்டின் தாழ்வும் கூடிக்கொள்ளும். பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் தண்ணீர் ஓடும் நாட்களில் மட்டம் ஏறுவதையும் பார்க்கிறேன். எடுக்கும் நீர் முதலில் சேமிப்பிலிருந்து வருகிறது. பிறகு எங்கோ ஊற்றாகவோ ஓடையாகவோ வெளியேறவேண்டிய நீரிலிருந்தோ, கூடுதலாக உள்ளிறங்கும் நீரிலிருந்தோதான் அது ஈடாக வேண்டும் என்று அமெரிக்க நீரியலாளர் தெய்ஸ் 1940-லேயே விளக்கிவிட்டார். இரண்டும் இல்லாத இடத்தில் சேமிப்புதான் கரைகிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியம், ஓராண்டில் எடுக்கத்தக்க அளவில் 100 சதவீதத்தைத் தாண்டி எடுக்கும் பகுதியை மிகைநுகர்வுப் பிரிவில் சேர்க்கிறது. அந்தப் பிரிவில் உள்ள இடத்தில் பெரிய மோட்டாரைப் பரிந்துரைப்பவர் மீது எனக்குக் கோபம் வராமல் எப்படி இருக்கும்?

ஆகவே நண்பருக்கு என் பதில்: மோட்டார் உறுதியானது, மெக்கானிக்குகளுக்குப் பழக்கமானது, விலைக்குத் தகுந்தது. இருந்தாலும் அதை வாங்காதீர்கள். முதலில் உங்கள் போரில் ஏதாவது ஒரு மோட்டாரை ஒரு நாள் முழுவதும் ஓட்டி, மட்டம் எங்கே நிலைத்து நிற்கிறது, நிறுத்தியபின் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று அளந்து பாருங்கள். ஊற்று என் போரைப் போலத்தான் என்றால் ஐந்து எச்பியே போதும். மிஞ்சும் பணத்தில் டிரை ரன் ரிலேயும் கேட் வால்வும் வாங்கிவிடுங்கள்.