நகச்சுத்துக்கு எலுமிச்சம்பழமா, வெந்நீரா?

நகச்சுத்து வந்தால் நம் வீடுகளில் முதலில் தேடுவது எலுமிச்சம்பழம்தான், ஓட்டை போட்டு விரலைச் சொருகிக்கொண்டு ராத்திரி முழுக்கப் படுத்திருப்பார்கள். குளிர்ச்சி இதமாக இருக்கும், சரி. ஆனால் நகக்கண் ஓரத்தில் தோல் பிய்ந்த இடம் வழியாகத்தான் கிருமி உள்ளே போயிருக்கிறது, அந்தப் புண்ணில் புளிப்புச் சாறு பட்டால் எரியும், மணிக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் தோல் வெளுத்து ஊறி இன்னும் நைந்துபோகும்.

என் ஓட்டு வெந்நீருக்குத்தான். கை பொறுக்கும் சூட்டில் 10, 15 நிமிடம், ஒரு நாளைக்கு 3, 4 முறை விரலை முக்கி வைத்து, அப்புறம் நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஆரம்பக் கட்ட வீக்கமும் விண்விண் என்று தெறிக்கிற வலியும் பெரும்பாலும் இதிலேயே அடங்கும். மஞ்சளாகச் சீழ் தெரிந்தால் இரண்டுமே போதாது, நீங்களே ஊசியால் குத்தாமல் டாக்டரிடம் காட்டிக் கீறி எடுத்துவிடுங்கள், சர்க்கரை உள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

பாத்திரம், துணி என்று நாள் முழுக்கத் தண்ணீரில் கை வைப்பவர்களுக்கு 6 வாரத்துக்கு மேல் இழுத்துக்கொண்டே இருப்பது வேறு வகை, அதற்குக் கையை உலர்வாக வைப்பதும் கையுறையும்தான் முக்கியம். நகத்தோரம் தோல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் பல்லால் கடித்து இழுக்காமல் நகவெட்டியால் நறுக்கிவிடுங்கள்.