மழையை அளந்து பணம் தரும் பயிர்க்காப்பீடு: நான்கு பருவங்கள் வாங்கிப் பார்த்தபின்

மானாவாரி நிலத்தில் மக்காச்சோளம் பயிரிடுபவன் நான். கிணறும் இல்லை, கால்வாயும் இல்லை. வானம் பெய்தால் விளைச்சல், பொய்த்தால் தட்டை மட்டும். கடந்த நான்கு பருவங்களாக மழைக்குறியீட்டுப் பயிர்க்காப்பீட்டை என் கைப்பணத்தில் வாங்கி வருகிறேன். அந்த நான்கில் ஒரு பருவம் ஒன்றும் நடக்கவில்லை, ஒரு பருவம் அது என்னைத் தூக்கி நிறுத்தியது, ஒரு பருவம் நடுக்காட்டில் விட்டது, ஒரு பருவம் எனக்குச் சேராத பணத்தைக் கையில் கொடுத்தது. விற்ற நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இதே அச்சில் வார்த்த ஒப்பந்தங்களைப் பலரும் விற்கிறார்கள். நான் சொல்லவிருக்கும் நிறையும் குறையும் பெரும்பாலும் அந்த அச்சுக்கே உரியவை.

வழக்கமான பயிர்க்காப்பீட்டில் ஆள் வந்து வயலைப் பார்த்து, மகசூல் எவ்வளவு குறைந்தது என்று மதிப்பிட்ட பிறகே இழப்பீடு கிடைக்கும். இதில் வயலுக்கு யாரும் வருவதில்லை. பருவம் முளைப்பு, வளர்ச்சி, பூப்பு, மணி முற்றுதல் என்று பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மழை வரம்பு உண்டு. குறித்த மழைமானி நிலையத்தில் பதிவான அளவு அந்த வரம்புக்குக் கீழே போனால், குறையும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இவ்வளவு என்று பணம் தருவார்கள். மழை இன்னும் குறைந்து இரண்டாவது வரம்பையும் தொட்டுவிட்டால் முழுத்தொகை. விண்ணப்பம், சாட்சி, கையூட்டு எதற்கும் இதில் இடமில்லை. பயிரைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டு இழப்பீடு கேட்கவும் வழியில்லை, ஏனென்றால் பணம் மழைமானியின் பதிவைப் பொறுத்தது, பயிரின் நிலையைப் பொறுத்ததன்று. இந்த யோசனை புதியதன்று. மைசூரைச் சேர்ந்த ஜே. எஸ். சக்ரவர்த்தி 1920ஆம் ஆண்டிலேயே மழையளவை வைத்துக் காப்பீடு வழங்கும் திட்டத்தை முன்வைத்துவிட்டார். அது விற்பனைக்கு வர எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

முதல் பருவம் நல்ல மழை. பிரீமியம் போனது போனதுதான்.

இரண்டாம் பருவம் உண்மையான வறட்சி. விதைத்த பத்தாம் நாளில் முளைத்த நாற்று, ஒரு மாதத்திற்குள் இலையைக் குழல்போலச் சுருட்டிக்கொண்டு நின்றது. வறட்சிக்கு மற்ற இழப்புகளிலிருந்து வேறான ஒரு குணம் உண்டு: அது ஒரு வீட்டோடு நிற்பதில்லை. தீப்பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கைகொடுப்பார். மழை பொய்த்தால் பக்கத்து வீட்டுக்காரரும் என்னிடம்தான் கேட்க வருவார். எல்லோரும் ஒரே வாரத்தில் மாட்டைச் சந்தைக்கு ஓட்டிச்செல்வதால் மாட்டின் விலை சரிகிறது, தீவனத்தின் விலை ஏறுகிறது, கடன் கொடுப்பவர் வட்டியை உயர்த்துகிறார். விளைச்சல் போவது முதல் அடிதான்; அடுத்த பருவத்திற்கான விதை, உழவு, கறவை ஆகிய மூன்றையும் விற்றுத் தின்னும் நிலை வருவதே ஆளைச் சாய்க்கிற அடி. அந்த இடத்தில்தான் இந்தக் காப்பீடு வேலை செய்தது. வளர்ச்சிப் பகுதி முடிந்த ஐந்தாம் வாரத்தில், நான் யாரையும் கேட்காமலே, பணம் வங்கிக் கணக்கிற்கு வந்தது. இழந்த மகசூலின் மதிப்போடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. ஆனால் இரண்டு மாடுகளையும் விற்காமல் வைத்துக்கொள்ளவும், அடுத்த விதைப்புக்கு விதை வாங்கவும் அது போதுமானதாக இருந்தது. கென்யாவின் வடபகுதியில் 2010ஆம் ஆண்டு தொடங்கிய கால்நடைக் காப்பீட்டிலும் இதுவே தெரியவந்தது. செயற்கைக்கோளில் தெரியும் மேய்ச்சல் பசுமையை அளந்து பணம் தரும் திட்டம் அது. 2011 வறட்சியில் அந்தக் காப்பீடு பெற்றிருந்த குடும்பங்கள் கால்நடைகளை அவசரத்தில் விற்பதும் சாப்பாட்டு வேளைகளைக் குறைப்பதும் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்ததாக ஆய்வாளர்கள் கண்டனர். இந்தப் பருவத்தோடு நிறுத்தியிருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன்.

மூன்றாம் பருவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விதைப்பும் வளர்ச்சியும் குறையில்லாமல் போயின; பயிர் ஆள் உயரம் நின்றது. பூப்புப் பகுதி தொடங்கிய நாளிலிருந்து பத்தொன்பது நாள்களுக்கு ஒரு துளி இல்லை. மக்காச்சோளத்தில் உச்சியிலுள்ள ஆண் பூங்கொத்து மகரந்தத்தை உதிர்க்கும் அதே நாள்களில் கதிரின் நுனியில் பட்டிழைகள் வெளிவர வேண்டும்; ஒவ்வொரு இழையும் ஒரு மணியோடு இணைந்தது. ஈரம் இல்லாவிட்டால் ஆண் பூ தன் நாளில் பூத்து உதிர்ந்துவிடுகிறது, இழை மட்டும் தாமதமாகிறது. தாமதமாக வந்த இழைக்கு மகரந்தம் கிடைக்காது. அந்த மணி பிடிக்காது. பூப்புப் பகுதி முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு மாலையில் கொட்டித் தீர்த்தது. இறுகிக் கிடந்த மண்ணில் தண்ணீர் இறங்காமல் வரப்பைத் தாண்டி ஓடியதை நான் நின்று பார்த்தேன். அந்த ஒரு மாலையின் மழையால் பகுதியின் மொத்த அளவு வரம்பைத் தாண்டிவிட்டது. கணக்குப்படி வறட்சி இல்லை, இழப்பீடும் இல்லை. அறுவடையில் தோலை உரித்தால் கதிர் பச்சைத் தோலுக்குள் பொக்கை வாய் காட்டியது: அடியில் நான்கைந்து மணி, நடுவில் வெறும் தண்டு, நுனியில் ஒன்றிரண்டு. தொலைபேசியில் பேசிய ஊழியர் பணிவாகவே பேசினார். ஒப்பந்தத்தின் எண்ணிட்ட பிரிவைப் படித்துக் காட்டினார். அவர் படித்ததில் தவறு எதுவும் இல்லை.

பயிருக்கு மொத்த மழை தேவையில்லை, இடைவெளியில்லாத ஈரம் தேவை என்பது உழுபவர் எவருக்கும் தெரியும். இதை ஒப்பந்தத்தில் எழுதவும் முடியும். ஒரே நாளில் பெய்யும் மழையில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்டதைக் கணக்கில் சேர்க்காமல் விடும் ஒப்பந்தங்கள் உண்டு. தொடர்ந்து மழையில்லாத நாள்களை எண்ணிப் பணம் தருபவையும் உண்டு. நான் வாங்கியதில் இரண்டும் இல்லை. விற்கும்போது அதை யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

குறியீட்டுக்கும் வயலுக்கும் இடையிலான இந்த இடைவெளி சிறு விவசாயியை மட்டும் தடுக்கி விழச் செய்யவில்லை. மலாவி அரசு 2015–16 பருவத்திற்காக ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டு வறட்சிக் காப்பீட்டு அமைப்பிடம் இதே வகைக் காப்பீட்டை நாடு முழுமைக்கும் வாங்கியிருந்தது. கடும் வறட்சி வந்து 60 இலட்சத்துக்கும் அதிகமானோர் உணவு உதவியை எதிர்பார்த்து நின்றபோது, இழப்பைக் கணக்கிட அந்த அமைப்பு வைத்திருந்த கணினிக் கணிப்பு மாதிரி, பாதிப்பு மிகக் குறைவு என்று காட்டியதால் முதலில் பணம் வரவில்லை. விவசாயிகள் குறுகிய காலத்தில் முற்றும் மக்காச்சோள வகைக்கு மாறியிருந்தார்கள். கணிப்பு மாதிரியோ நீண்ட கால வகையை நினைத்துக்கொண்டிருந்தது. பிழையைத் திருத்திய பின் சுமார் 80 இலட்சம் டாலர் வழங்கப்பட்டது. ஆனால் அது கைக்கு வந்தது 2017 ஜனவரியில், பசி தொடங்கிப் பல மாதங்கள் கழித்து. ஒரு நாட்டு அரசுக்கே இது நேர்ந்தது என்று தெரிந்தபோது, எண்ணிட்ட பிரிவை எனக்குப் படித்துக் காட்டியவர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

பக்கத்தில் மழைமானி இல்லாத இடங்களுக்குச் செயற்கைக்கோள் தரவைப் பயன்படுத்துகிறார்கள். மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை அகச்சிவப்புக் கதிரில் பார்த்து, நிலையப் பதிவுகளோடு சேர்த்து மழையை மதிப்பிடுவது ஒரு முறை. பரவலாகப் பயன்படும் அத்தகைய தரவுத்தொகுப்பு ஒன்று 1981ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கிறது. அதில் ஒரு கட்டம் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் அகலம் கொண்டது. அதாவது ஏறக்குறைய 2,500 ஹெக்டேர் நிலத்திற்கு ஒரே எண். என் வரப்புக்கு இந்தப் பக்கம் நனைந்து அந்தப் பக்கம் காய்ந்த மாலைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே நான்காம் பருவத்தில் நடந்ததும் வியப்பில்லை: என் வயலில் அளவான மழை, நிலையத்தில் இல்லை. நல்ல விளைச்சலோடு இழப்பீடும் வந்தது. வாங்கிக்கொண்டேன், மூன்றாம் பருவத்தின் கணக்கு நேரானதாக மனத்துக்குச் சொல்லிக்கொண்டேன். எனக்கு வந்த அந்தப் பணத்தில், நிலையத்துக்கு அருகில் காய்ந்து நின்ற எவருக்கும் நன்மை இல்லை என்பது வேறு விஷயம்.

விற்பனைத் துண்டறிக்கையில் இல்லாத இன்னொன்றும் உண்டு. இந்தக் காப்பீடு மழைக்கானது, விலைக்கானதன்று. வறட்சி வந்தால் விலை ஏறும், குறைந்த விளைச்சலை அது ஈடுகட்டும் என்று பலர் நம்புகிறார்கள். அது வறட்சி எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. உலகின் பயிர்நிலத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு மானாவாரி. உணவு உற்பத்தியில் ஏறத்தாழ 60 விழுக்காடு அதிலிருந்து வருகிறது. ஆனால் எல்லை தாண்டி விற்கப்படும் தானியம் சில நாடுகளின் வயல்களிலிருந்தே வருகிறது. அங்கே வானம் காய்ந்தால் எல்லாச் சமையலறைகளும் அதை உணரும். ரஷ்யாவில் 2010 கோடையின் வறட்சியும் வெப்ப அலையும் பயிரைக் கருக்கியபோது, அந்நாடு ஆகஸ்ட் 15 முதல் தானிய ஏற்றுமதியைத் தடைசெய்தது; உலகச் சந்தையில் கோதுமை விலை எகிறியது. உலகிலேயே அதிக மக்காச்சோளம் விளைவிக்கும் அமெரிக்காவில் 2012இல் வறட்சி விழுந்தபோது அதன் விலை அதுவரை காணாத உயரத்தைத் தொட்டது; கோழிக்கும் மாட்டுக்கும் தீவனம் வாங்குபவர்கள் வேறு கண்டங்களில் தவித்தார்கள். வறட்சியில் மாட்டை விற்றுத் தீர்ப்பதன் விளைவும் நீண்ட நாள் நிற்பது: அமெரிக்காவின் மாட்டு எண்ணிக்கை 2024 தொடக்கத்தில் 1951க்குப் பின் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியதற்கு, அதற்கு முந்தைய ஆண்டுகளின் வறட்சி ஒரு முக்கியக் காரணம். முதலில் இறைச்சி மலிகிறது, பின்பு பல ஆண்டுகளுக்கு ஏறியே நிற்கிறது, ஏனென்றால் கன்று வளர்ந்து ஈன்று மந்தை பெருகக் காலம் வேண்டும். என் வட்டாரத்தில் மட்டும் காய்ந்தாலோ சந்தைக்குத் தெரியவே தெரியாது. மூன்றாம் பருவத்தில் என் பொக்கைக் கதிர்களைக் கொண்டுபோனபோது, வேறெங்கோ நன்றாக விளைந்திருந்ததால் விலை படுத்துக் கிடந்தது. விளைச்சலும் இல்லை, விலையும் இல்லை, இழப்பீடும் இல்லை.

இதை யார் வாங்கலாம்? மகசூல் இழப்பை முழுதாக ஈடுகட்டும் என்று நினைப்பவர் வாங்க வேண்டாம், ஏமாற்றம் நிச்சயம். பாசன வசதி உள்ளவருக்கு இதனால் பெரிய பயன் இல்லை. மானாவாரியில் நின்று, ஒரு மோசமான பருவத்தின் முடிவில் விதைக்கும் உழவுக்கும் கையில் காசு வேண்டும் என்று எண்ணுபவர், அந்த அளவுக்கு மட்டும், நிலத்தின் ஒரு பகுதிக்கு வாங்கலாம். வாங்குமுன் கேட்க வேண்டியவை: எந்த நிலையம், வயலிலிருந்து எவ்வளவு தூரம், பூப்புப் பகுதி எந்தத் தேதியில் தொடங்குகிறது, அது நீங்கள் விதைக்கும் வகைக்குப் பொருந்துகிறதா, ஒருநாள் மழைக்கு உச்ச வரம்பு உண்டா, நிலையம் பழுதானால் எந்தப் பதிவை எடுப்பார்கள். பத்து ரகமான பதில்கள் வரும். எழுத்தில் தருவதை மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள். மழை முன்னறிவிப்பைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று காத்திருக்கவும் முடியாது, முன்னறிவிப்பு தெளிவாகும் முன்பே விற்பனையை மூடிவிடுவார்கள்; அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்வேன்.

பணம் சொன்னபடி வந்ததற்கும், அலைச்சல் இல்லாததற்கும் ஐந்துக்கு நான்கு. பயிரின் உடம்பை அறியாத பூப்புப் பகுதிக் கணக்குக்கு ஒன்று. மொத்தத்தில் ஐந்துக்கு இரண்டரை தருகிறேன். வரும் பருவத்திற்கும் பாதி நிலத்துக்கு வாங்க இருக்கிறேன், மழையில்லா நாள்களை எண்ணும் ஒப்பந்தமாக இருந்தால் மட்டும். களத்து மேட்டில் ஒரு மழைமானியை நட்டு, காலை எட்டரை மணி அளவைத் தினமும் நோட்டில் எழுதி வருகிறேன். அதை நிறுவனம் ஏற்காது, நிலையத்தின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்காகத்தான். எந்த நிலையம் என்பதை எழுத்தில் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. விற்பனை மூட இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, பதில் வரவில்லை.