நிக்கல் பூச்சுக் குட்டைக்குழல் ரிவால்வர்: கோல்ட்டா, ஸ்மித் அண்ட் வெசனா?

1927இல் வந்த கோல்ட் டிடெக்டிவ் ஸ்பெஷல், 1950இல் வந்த ஸ்மித் அண்ட் வெசன் சீஃப்ஸ் ஸ்பெஷல் (1957 முதல் மாடல் 36). இரண்டும் .38 ஸ்பெஷல் என்ற குண்டு வகைக்கானவை. கோல்ட்டில் 6 குண்டு. ஸ்மித்தில் 5, அதனால் குண்டுகளைத் தாங்கிச் சுழலும் சிலிண்டர் மெலிது.

கோல்ட்டை வாங்குமுன் உள்வேலையைச் சோதியுங்கள். குண்டு ஏதும் இல்லை என்று உறுதிசெய்து, பின்புறம் இருக்கும் சுத்தியலை (குண்டை வெடிக்கவைக்க அடிக்கும் பாகம்) மெதுவாகப் பின்னிழுங்கள். அது கடைசிவரை வந்து நிற்கும் முன்பே சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டாவிட்டால் சிலிண்டரைச் சுழற்றும் 'ஹேண்ட்' தேய்ந்திருக்கலாம். விலை மலிவென்றாலும் விட்டுவிடுங்கள்; பழைய கோல்ட்டைச் சீராக்கத் தெரிந்த கைகள் அரிது. ஸ்மித்தில் இந்தத் தொல்லை குறைவு.

மறுபூச்சை (ஆலையை விட்டு வந்தபின் மீண்டும் பூசிய நிக்கலை) கண்டுபிடிப்பதும் ஸ்மித்தில்தான் எளிது. ஆலைப் பூச்சில் பொதுவாகச் சுத்தியலுக்கும் விசைக்கும் நிக்கல் ஏறாது. அவையும் வெள்ளியாய் மின்னினால் சந்தேகப்படுங்கள். கோல்ட்டில் எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கிறதா, திருகுத் துளையோரம் குழிந்திருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும்.

அம்மோனியா கலந்த கரைப்பான் இரண்டுக்கும் ஆகாது. பூச்சுக்கு அடியில் செம்புப் படலம் இருந்தால், விரிசல் வழியே இறங்கி அதை அரிக்கும். நிக்கல் செதில் செதிலாய் உரியும். தோலுறையிலும் வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

முதல் துப்பாக்கி என்றால் ஸ்மித். அழகுக்கு, தயங்காமல் கோல்ட்.