எண்ணெய் கறுத்துப்போச்சு என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

கோலாலம்பூரில் கார் வைத்திருப்பவர்கள், குறிப்பாக வயதான அப்பா அம்மாவின் காரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்பவர்கள், இதைப் பொறுமையாகப் படியுங்கள். இலவசச் சோதனை என்று பேனர் கட்டிவிட்டு, உள்ளே போனதும் எஞ்சின் எண்ணெயைக் காட்டிப் பயமுறுத்தி, மாற்றாததை மாற்றியதாக பில் போடும் பட்டறை ஒன்று ஜாலான் ஈப்போ பக்கம் இருக்கிறது. எங்களிடம் 430 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார்கள். பணம்கூடப் போகட்டும். அவர்கள் செய்து வைத்த வேலையோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பினாங்கு வரை போய்வந்திருக்கிறோம். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

அப்பாவின் பெரோடுவா மைவி காரை எப்போதும் கெப்போங்கில் ஒரு சீன அங்கிள்தான் பார்ப்பார். அந்த வருஷம் சீனப் பெருநாள் முடிந்த கையோடு தைப்பூசம் வந்துவிட்டது. அங்கிள் கடை இன்னும் திறக்கவில்லை, நாங்களோ பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போக வேண்டும். தூரப் பயணமாயிற்றே, டயரையும் பிரேக்கையும் பார்த்துவிடலாம் என்றுதான் அந்தப் பட்டறைக்குள் நுழைந்தோம். எண்ணெய் மாற்றும் கெடு வரவே இல்லை. கடைசியாக மாற்றியதிலிருந்து கார் நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது.

போமன், அதாவது மெக்கானிக், நம்ம தமிழ்ப் பையன். டயரைத் தொடவே இல்லை. நேராக பானெட்டைத் திறந்து, எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவி, வெள்ளை டிஷ்யூவில் துடைத்து அப்பா முகத்துக்கு நேரே நீட்டினான். "பாருங்க ஐயா, எவ்வளவு கறுப்பு. இந்த மிஞாக் ஈத்தாமோட (எஞ்சின் எண்ணெய்) ஹைவேல ஏறினா தஞ்சோங் மாலிம் தாண்ட மாட்டீங்க. பேரப்பிள்ளைங்களும் வர்றாங்களா?" என்னிடம் திரும்பி, "நம்ம ஆளுங்கிறதால சொல்றேன் அண்ணே" என்றான். பேரப்பிள்ளைகள் என்றதும் அப்பா, "மாத்திடுப்பா" என்றுவிட்டார். அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்பட்டது என்று சொல்லவேண்டியதில்லை.

இங்கேதான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இருக்கிறது. எஞ்சின் எண்ணெய் கறுப்பது அதன் வேலை. எரிபொருள் எரியும்போது வரும் கரியும் அழுக்கும் எஞ்சினுக்குள் படியாமல், அவற்றைத் தன்னோடு சுமந்து வைத்துக்கொள்வதற்காகவே எண்ணெயில் கழுவும் இரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். கழுவுகிற எண்ணெய் கறுக்கத்தான் செய்யும். மாற்றிச் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் நிறம் மாறிவிடுவது சாதாரணம். வெறும் நிறத்தை வைத்து எண்ணெயின் ஆயுளைச் சொல்ல யாராலும் முடியாது. பயப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு: தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் கலங்கியிருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கலாம், பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தாலும், விரலில் தேய்க்கும்போது உலோகத் துகள் மினுக்கினாலும் உடனே பார்க்க வேண்டும். அப்பாவின் காரில் இவை எதுவும் இல்லை. டிஷ்யூவில் கறுப்பு மட்டும்தான் இருந்தது.

அப்புறம் எங்களைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஏர்கோன் அறையில் உட்காரவைத்தார்கள். வேலை நடக்கும் இடத்துக்கு வாடிக்கையாளர் வரக்கூடாதாம், பாதுகாப்புக்காக. காப்பிகூடக் கொடுத்தார்கள். பில் வந்தபோது அதில் ஃபுல்லி சிந்தெட்டிக் எண்ணெய் (விலை கூடிய, நீண்ட நாள் தாங்கும் ரகம்) 4 லிட்டர், ஆயில் ஃபில்டர், எஞ்சின் ஃபிளஷ் (எஞ்சினின் உள்ளே கழுவும் திரவம்), எஞ்சினைப் பாதுகாக்கும் ஏதோ ஒரு மருந்து, கூலி என்று வரிசையாக இருந்தது. அந்த எஞ்சினுக்கு மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் எண்ணெய் பிடிக்கும். மிச்ச எண்ணெயைக் கேட்டேன். "அது டிரம் எண்ணெய் அண்ணே, போத்தல் இல்ல" என்றான். டிரம்மிலிருந்து அளந்து ஊற்றியிருந்தால் ஊற்றிய அளவுக்குத்தானே காசு? முதலாளி கால்குலேட்டரைத் தட்டி இருபது வெள்ளியைக் கழித்தார். கழித்தது போகத்தான் 430.

கண்ணாடியில் அவர்கள் ஒட்டிய ஸ்டிக்கரையும் கவனியுங்கள். அடுத்த சர்வீஸ் 5,000 கிலோமீட்டரில் என்று எழுதியிருந்தது. ஆனால் மைவியின் சர்வீஸ் கணக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. ஃபுல்லி சிந்தெட்டிக்குக்கு உரிய காசை வாங்கிக்கொண்டு, சாதாரண மினரல் எண்ணெயின் கெடுவை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஒன்று, உள்ளே ஊற்றியது சிந்தெட்டிக் இல்லை. இல்லையென்றால் பாதி வழியிலேயே மறுபடி வரவழைக்கப் பார்க்கிறார்கள். இரண்டும் ஏமாற்றுதான்.

பட்டர்வொர்த்தில் சித்தப்பா வீட்டுப் போர்ச்சில் காரை விட்டிருந்தோம். காலையில் சித்தி கூட்டப் போனபோது தரையில் எண்ணெய்ச் சொட்டு. டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் எண்ணெய் கீழ்க்கோட்டை ஒட்டி நின்றது. அதே வகை எண்ணெய் ஒரு லிட்டர் வாங்கி ஊற்றி, வழியில் ஒவ்வொரு ஓய்விடத்திலும் நிறுத்தி அளவு பார்த்துப் பார்த்துத்தான் ஊர் திரும்பினோம். எண்ணெய் அழுத்தத்தின் சிவப்பு விளக்கு எரிந்திருந்தால் அங்கேயே எஞ்சினை நிறுத்தியிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஓட்டினால் பேரிங்குகள் உரசி எஞ்சினே போய்விடும். அந்த 430 வெள்ளி அப்போது சில்லறைக் காசாகத் தெரிந்திருக்கும்.

கெப்போங் அங்கிள் காரை மேலே தூக்கினார். எண்ணெய் வடிக்கும் போல்ட்டை இஷ்டத்துக்கு முறுக்கியிருந்தார்கள், எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் பேனின் மரை தின்றுபோயிருந்தது. பழைய வாஷரையே நசுங்கிய நிலையில் திரும்பப் போட்டிருந்தார்கள். சொட்டியது அங்கிருந்துதான். பிறகு ஃபில்டரை ஒரு துணியால் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அங்கிளுக்கு ஒரு பழக்கம்: புது ஃபில்டரைப் போட்டதும் வெள்ளை மார்க்கரால் தேதியையும் கிலோமீட்டரையும் அதன் மேலேயே எழுதிவிடுவார். அந்த எழுத்து அப்படியே இருந்தது. அவர் போட்ட அதே ஃபில்டர், அவர் எழுதிய அதே எண்கள். பில்லில் புது ஃபில்டருக்குக் காசு வாங்கியிருந்தார்கள்.

ஃபிளஷ் ஊற்றினோம் என்று எழுதியது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஊற்றாமல் விட்டிருந்தால் அதுவே நல்லது என்றார் அங்கிள். ஃபிளஷ் கரைத்துவிடும் அழுக்கை அந்தப் பழைய ஃபில்டர்தான் பிடித்து வைத்திருக்க வேண்டியிருக்கும். வருஷக்கணக்கில் பராமரிக்காத எஞ்சினில் கண்டபடி ஃபிளஷ் ஊற்றினால், கழன்று வரும் கசடு எண்ணெய் உறிஞ்சும் வலையையே அடைத்துவிடலாம்.

5,000 என்று சொல்பவர் எல்லாம் திருடர் என்று நான் சொல்லவில்லை. மினரல் எண்ணெய்க்கு அது நியாயமான கணக்கு. நாள் முழுக்க நெரிசலில் நின்று நின்று போகிற காருக்கும், எஞ்சின் சூடேறுவதற்குள் நிறுத்திவிடும் குட்டிப் பயணங்களுக்கும் எண்ணெய் சீக்கிரம் கெடும். குளிர்ந்த எஞ்சினில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் எண்ணெயிலேயே தங்கிவிடும். அதனால்தான் கார் ஓடாமல் கிடந்தாலும் மாதக் கணக்கு ஒன்று இருக்கிறது. அப்பா மாதிரி மார்க்கெட்டுக்கும் கோவிலுக்கும் மட்டும் ஓட்டுபவர்கள் கிலோமீட்டரை விட்டுவிட்டு மாதத்தைப் பாருங்கள். கடினமான ஓட்டத்துக்குக் கெடு எவ்வளவு என்பதைக் காரோடு வந்த கையேட்டில் தேடுங்கள், டிஷ்யூவில் தேடாதீர்கள். எண்ணெயின் ரகமும், அதன் கெட்டித்தன்மை 0டபிள்யூ-20ஆ 5டபிள்யூ-30ஆ என்பதும், அதிலேயே இருக்கும்.

பட்டறையில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: மூடி உடைக்காத போத்தலை என் கண்முன் திறங்கள், கழற்றிய ஃபில்டரைக் காட்டுங்கள், மிச்ச எண்ணெயைக் கையில் கொடுங்கள். பக்கத்தில் நிற்கக்கூடாது என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

போட்டோக்களோடு அந்தப் பட்டறைக்குத் திரும்பப் போனேன். அந்தப் பையன் தலையைக்கூடத் தூக்கவில்லை. இடையில் வேறு யாராவது பழைய ஃபில்டரைப் போட்டிருக்கலாம் என்றார் முதலாளி, கூச்சமே இல்லாமல். அடுத்த சர்வீஸில் 50 வெள்ளி தள்ளுபடி தருவதாகவும் சொன்னார். வேண்டாம் என்று வந்து, பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட்டுவிட்டேன். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். பில், ஸ்டிக்கர், எழுத்தோடு இருக்கும் ஃபில்டர், மரை போன போல்ட், ஆயில் பேன் மாற்றிய செலவுக்கு அங்கிள் கொடுத்த ரசீது, எல்லாம் ஒரு பையில் தயாராக இருக்கின்றன. விசாரணை இனிமேல்தான். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நீங்களும் மனு போடுங்கள்.