சன்ரூஃப் ஒழுகுதா? ‘பீடிங் மாத்தணும் சார்’ என்றால் வண்டியை அங்கே விடாதீர்கள்

போன ஐப்பசியில் ஒரு காலை. ராத்திரி முழுக்கக் கொட்டிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. அம்மாவை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பி, குரோம்பேட்டை சிக்னலில் பிரேக் போட்டேன். ரூம் லைட்டிலிருந்து சளக்கென்று தண்ணீர் கொட்டியது. ஒரு சொட்டு இரண்டு சொட்டு இல்லை, அரை டம்ளர் இருக்கும். அம்மா புடவையை உதறிக்கொண்டே, “ஏம்ப்பா, மேல டேங்க் கீங்க் கட்டி வெச்சிருக்கியா?” என்றார்.

விளையாட்டாகச் சொன்னாலும் அம்மா சொன்னதுதான் சரி. மேலே ஒரு தொட்டி இருக்கிறது. அது தெரியாமல்தான் ஏமாந்தேன்.

வண்டி 2014 மாடல் செடான், கூரையில் திறந்து மூடும் கண்ணாடி, அதாவது சன்ரூஃப், வைத்தது. 2021-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு வண்டி மேல் இல்லை. ஒர்க்‌ஷாப் பெயரும் எழுதப் போவதில்லை. ஏசி போட்ட வெயிட்டிங் ரூம், காபி மெஷின், யூனிஃபார்ம் போட்ட அட்வைசர் என்று பளபளப்பாக இருந்த ஒரு மல்டி பிராண்ட் இடம், அவ்வளவுதான்.

போன் பண்ணியதும் “ரப்பரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் பண்ணுங்க சார்” என்றார்கள். சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டையை, அதாவது பீடிங்கை, நாலு பக்கமும் எடுத்து அனுப்பினேன். இடது முன் மூலையில் அணில் கடித்து ஒரு நகத்தளவு பிய்ந்திருந்தது. எங்கள் தெருவில் வரிசையாகப் புங்க மரம், அணிலுக்குப் பஞ்சமில்லை. “பார்த்தீங்களா சார், இதுதான் லீக்கேஜ்” என்றார் அட்வைசர். சன்ரூஃப் அசெம்ப்ளியை முழுசாக மாற்றினால் 42,000. “உங்களுக்காக” பீடிங் மட்டும் மாற்றி, ரூஃப் லைனிங்கை (கூரையின் உள்பக்க உறையை) கழற்றி மாட்டி, 16,800. இந்த “உங்களுக்காக” என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எழுந்து வந்திருக்க வேண்டும். நான் 10,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் நாள் டெலிவரி. வண்டிக்குள் ஏறியதும் ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி ஒரு வினிகர் வாடை. “புது ரப்பர் சார், நாலு நாளில் போயிடும்” என்றார்கள். பழைய பீடிங்கைக் கேட்டேன். “ஸ்கிராப்ல போயிடுச்சு.” பில் கேட்டேன். ‘எஸ்டிமேட்’ என்று தலைப்புப் போட்ட வெள்ளைத்தாள் வந்தது, அதில் ஜிஎஸ்டி எண் கிடையாது. “பில் போட்டா 18 பர்சன்ட் கூட வரும் சார், பரவாயில்லையா?” நானும் பேசாமல் வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். இதில் என் பேராசையும் சேர்த்தி.

அடுத்த மழை ஒரே வாரத்தில் வந்தது. இந்தத் தடவை ரூம் லைட்டில் ஒரு சொட்டு இல்லை. சந்தோஷமாகக் கதவைத் திறந்து காலை வைத்தால் சதக் என்றது. டிரைவர் பக்கம் கார்பெட்டுக்குக் கீழே இருக்கும் ஸ்பாஞ்ச் முழுக்க ஊறிப்போயிருந்தது. இரண்டு நாளில் சென்ட்ரல் லாக் தானாகப் பூட்டித் திறந்தது. ராத்திரி ஒரு மணிக்கு வைப்பர் ஓடி, வாட்ச்மேன் வந்து எழுப்பினார். டேஷ்போர்டுக்குக் கீழேதான் ஃபியூஸ் பாக்ஸ் இருக்கிறது, தண்ணீர் நேராக அதன் மேல்.

திரும்பக் கொண்டுபோனால் பேச்சே மாறியது. “பழைய வண்டி சார், பத்து வருஷம் தாண்டினா சன்ரூஃப் இப்படித்தான். கண்ணாடியை விண்ட்ஷீல்ட் பசை போட்டு பர்மனென்ட்டா ஒட்டிடலாம். 9,000 ஆகும்.” அதற்கும் தலையாட்டியிருப்பேன். நல்லவேளை, மச்சான் கூட வந்திருந்தான். “சாவியைக் கொடுங்க மாமா” என்று வாங்கிக்கொண்டு நேராகப் பல்லாவரத்தில் ஒரு சந்துக்கு ஓட்டிப் போனான். போர்டு கூட இல்லாத கொட்டகை. அங்கே இருந்த பாய்க்கு அறுபது வயது இருக்கும்.

பாய் ரப்பரைப் பார்க்கவே இல்லை. “தம்பி, ஒரு டீ கிளாஸ்ல தண்ணி கொண்டா” என்றார். சன்ரூஃபைத் திறக்கச் சொன்னார். திறக்கவில்லை, பிசின் மாதிரி பிடித்துக்கொண்டது. பிளேடால் கீறித்தான் திறந்தார். ஓரமெல்லாம் கறுப்பு சிலிக்கான். பாத்ரூம் டைல்ஸ் இடுக்கிலும் மீன் தொட்டியிலும் அடிக்கிற அதே சாமான். காயும்போது வினிகர் வாடை வருவது அதிலிருந்துதான். அதிலிருந்து வரும் அமிலம் பெயிண்ட் உரிந்த இடத்தில் இரும்பையும் அரிக்கும்.

அந்தச் சிலிக்கானை விரலால் உரித்துக்கொண்டே வந்தவர் இடது முன் மூலையில் நிறுத்தினார். அடியில் என் அணிலின் பல் தடம். போனில் பழைய போட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நகத்தளவு பிய்ந்த அதே இடம், அதே வளைவு. 16,800 ரூபாய்க்கு மாற்றிய ‘புது’ பீடிங் அதுதான். மச்சான் சிரித்துவிட்டான். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அப்புறம் பாய் சொன்னதுதான் இந்தப் பதிவை எழுதவே காரணம். சன்ரூஃப் ரப்பர் தண்ணீரை முழுசாக நிறுத்துவதற்காக வைத்ததே இல்லை. முக்கால்வாசியைத் தடுக்கும், மிச்சம் உள்ளே வரத்தான் செய்யும். வருகிற தண்ணீரைப் பிடிக்கக் கண்ணாடியைச் சுற்றி ஒரு கால்வாய் மாதிரித் தட்டு உண்டு. அதன் நாலு மூலையிலும் ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையிலும் சுண்டுவிரலை விட ஒல்லியாக ஒரு டியூப். முன்னால் இருக்கும் இரண்டும் விண்ட்ஷீல்ட் ஓரத் தூணுக்குள் இறங்கி, என் வண்டியில் முன்கதவுக் கீலுக்குப் பக்கத்தில் வெளியே வருகின்றன. பின்னால் இருப்பவை பம்பருக்கு உள்பக்கம் முடிகின்றன. டியூப் அடைத்தால் தட்டு நிரம்பும். நிரம்பிய தட்டோடு பிரேக் போட்டால் தண்ணீர் முன்னால் ஓடி லைட் வழியாக மடியில் விழும். மொட்டை மாடித் தண்ணீர்க் குழாயில் இலை அடைத்தால் சீலிங் ஒழுகுவது நமக்குத் தெரியும். காருக்கு வந்தால் மட்டும் மூளை வேலை செய்வதில்லை.

டீ கிளாஸ் தண்ணீரை ஒவ்வொரு மூலையாக மெதுவாக ஊற்றினார். பின்னால் இரண்டும் ஒழுங்காகக் கீழே சொட்டின. முன் இடதில் தண்ணீர் அப்படியே நின்றது. அந்த ஓட்டை வாயில் ஒர்க்‌ஷாப்காரன் சிலிக்கானை அப்பி மூடியிருந்தான். முன் வலதில் ஊற்றிய தண்ணீர் சர்ரென்று இறங்கியது, ஆனால் வண்டிக்குக் கீழே வரவில்லை. என் கார்பெட்டுக்கு வந்தது. “ஏர் அடிச்சிருக்கானுங்க” என்றார். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை அடைப்புள்ள டியூப்பில் வைத்து முழு பிரஷரில் அடித்தால், அடைப்பு போவதற்குப் பதில் டியூப்பே தட்டில் சொருகியிருக்கும் மூக்கிலிருந்து கழன்றுகொள்ளும். அதுவும் ரூஃப் லைனிங்குக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

புல் வெட்டும் மெஷினில் சுழலும் நைலான் நரம்பு ஒன்றை எடுத்து முனையை லைட்டரில் காட்டி மழுக்கினார். கூர் முனை டியூப்பைக் குத்திவிடுமாம். மெதுவாக விட்டு இழுக்க இழுக்கக் கறுப்பாக, டீத்தூள் சக்கை மாதிரி ஒன்று வந்தது. கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். புங்கம்பூ. சித்திரையில் பொரி கொட்டின மாதிரி வண்டி மேல் உதிருமே, அதுவேதான் தூசியோடு மக்கிச் சேறாகி டியூப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. கழன்ற டியூப்பைத் திரும்பச் சொருகி கிளிப் போட்டார். அணில் கடித்த பீடிங்கைக் கை வைக்கவே இல்லை. “அது கிடக்கட்டும் தம்பி, அதனால ஒண்ணும் இல்ல.”

பாய் வாங்கியது 3,500, லைனிங்கின் முன்பக்கத்தை இறக்கி ஏற்றிய லேபரோடு சேர்த்து. சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி மொட்டை மாடியில் நாலு நாள் காயப்போட்டது என் வேலை. ஸ்பாஞ்சை மேலோட்டமாகத் துடைத்துவிட்டு விட்டால் நாற்றமும் போகாது, அடித்தகடு துருப்பிடிக்கும். ஃபியூஸ் பாக்ஸில் பச்சை பூத்திருந்த முனைகளை எலக்ட்ரீஷியன் சுத்தம் செய்தார். அதற்குத் தனியாக 1,200.

ஆக, யாரிடம் போனாலும் முதலில் டீ கிளாஸ் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் கண் முன்னால். அதைச் செய்யாமல் ரப்பர், அசெம்ப்ளி, சிலிக்கான் என்று ஆரம்பித்தால் சாவியைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கையில் வாங்காமல் மிச்சப் பணம் கொடுக்காதீர்கள். வண்டியை விடுவதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள். என்னைக் காப்பாற்றியது அந்த அணில் போட்டோதான்.

பணம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதிந்தேன். இரண்டு போட்டோவையும் அந்த எஸ்டிமேட் தாள் நகலையும் வைத்து ஒர்க்‌ஷாப்புக்கு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்பினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, போடப்போகிறேன் என்றும் எழுதினேன். ஜிஎஸ்டி இல்லாத தாள்தான், இருந்தாலும் அதில் அவன் கையெழுத்து இருந்தது, அட்வான்ஸ் ஜிபேயில் போயிருந்தது. பன்னிரண்டாம் நாள் 10,000 திரும்பி வந்தது, ‘குட்வில்’ என்ற குறிப்போடு. மீதி 6,800-க்கு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. லைனிங்கில் டீக்கறை மாதிரி பட்டை விழுந்தது, அது போகாது.

வண்டி இப்போதும் புங்க மரத்தடியில்தான் நிற்கிறது, வேறு இடம் இல்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சன்ரூஃபைத் திறந்து, ஈரத்துணியால் தட்டைத் துடைத்து, நாலு மூலையிலும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, குனிந்து கீழே சொட்டுகிறதா என்று பார்க்கிறேன். போன தடவை மாடியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: “அபிஷேகம் முடிஞ்சுதுன்னா சாப்பிட வா!”